மேக்காலச் சுவர்

ராத்திரி தறி ஓட்டிவிட்டுப்
பகலில் தூங்குகிறவள் நான்.
ரெண்டு மணி வரைக்கும் தூக்கம் என்னுடையது.
அப்புறம் சுவருடையது.

சோமனூர் வெயிலைக் குடித்துக் குடித்து
நாலு மணிக்குத் தோசைக்கல்லாக நிற்கும்
மேக்காலச் சுவர்.
கட்டிலைக் கிழக்கே தள்ளிப் பார்த்தோம்.
சுண்ணாம்பு ரெண்டு கோட்டிங் அடித்தோம்.
ஈரச்சாக்குத் தொங்கவிட்டோம்;
சாக்குதான் காய்ந்தது.

"மூணே வருசமுங்க, மொட்டைமாடியத் தாண்டிரும்"
என்றார் நர்சரி திருமூர்த்தி.
மலைவேம்பு. கன்று நாற்பது ரூபாய்.
"அப்பறம் நாலு வருசத்துல
ப்ளைவுட்காரனே ஊடு தேடி வருவானுங்க."
நான் நிழல் கேட்டேன்,
அவர் அறுவடை சொன்னார்.

வேம்பு?
"அது நல்லதுங்க. பத்து வருசம் பொறுக்கோணும்."
வீட்டுக்கடனே இன்னும் பதினொன்று பாக்கி.
வட்டி வளர்கிற வேகத்தில்
மரம் ஏதும் இருக்குதுங்களா என்றேன்.
சிரித்தார்.
"தூங்குமூஞ்சி இருக்குது. உங்க எடத்துக்கு ஆகாது,
கடக்காலையே தூக்கிப்போடும்."
பேரைக் கேட்டதும்
எனக்கு ஆசையாகத்தான் இருந்தது.

இடம் என்றால்
சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவே ஏழடி.
அதிலும் மூன்றடி செப்டிக் டேங்க்.

போன ஆடியில்
பாலக்காட்டுக் காற்று ஒரே தள்ளில்
மில் ரோட்டு மரத்தை
டிரான்ஸ்பார்மர் மேல் சாய்த்தது.
வேகமாக வளர்ந்தது அப்படித்தான், வேர் மேலாக்க,
என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.
ரெண்டு நாள் கரண்ட் இல்லை. தறி இல்லை.
நான் மட்டும் யாரிடமும் சொல்லவில்லை:
ஆறு வருஷத்தில் முதல்முறையாக
ராத்திரியை
ராத்திரியில் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை சென்னியப்பன்
மூங்கிலில் பழைய பெட்ஷீட்டைக் கட்டி
ஏழடிக்குள் நட்டுவைத்தான்.
நாலு மணிக்கு நிழல் எங்கே விழுகிறது
என்று பார்க்க.
விழுந்தது, சரியாக ஜன்னல் மேல்.
என் புருஷன் செய்த காரியங்களில்
அது ஒன்று.

காம்பவுண்டுக்கு அந்தப் பக்கமிருந்து
நாச்சிமுத்து எட்டிப் பார்த்தார்.
அவர் தறிதான் நான் ஓட்டுவது.
"என்னுங்க, மரமுங்களா?
நடுங்க நடுங்க. நான் வேண்டாம்பனுங்களா?"
தலையைச் சொறிந்தார்.
"காத்தால நெழலு எங்க செட்டு மேல உழுகும்.
போன மாசந்தான் சோலார் போட்டனுங்க.
பதனாலடிக்கு மேல போகாத மரமாப் பாத்தா
ரெண்டு பேருக்கும் நல்லது."

காலை வெயில் அவருக்கு வேண்டும்.
சாயங்கால வெயில் எனக்கு வேண்டாம்.
கரண்ட் பில் குறைந்தால்
கூலியைப் பார்க்கலாம் என்று
அவர் சொல்லி மூணு வாரம்.
பதினாலடியில் நின்றுகொள்
என்று எந்த மரத்திடம் சொல்வது.
வெட்டிவிடலாம் என்கிறான் சென்னியப்பன்.
வருஷா வருஷம் யார் ஏறுவது?

கடைசியில் மலைவேம்பு ஒன்று வாங்கினேன்.
திருமூர்த்தி ஒரு வேப்பங்கன்றைச் சும்மா கொடுத்தார்.
முடிவு செய்யும்வரை
கறுப்புப் பையோடு ரெண்டையும்
அந்தப் பெட்ஷீட் நிழலில் வைத்தேன்.
கன்றுக்கும் நிழல் வேண்டியிருக்கிறது.
தூங்கி எழுந்ததும் ஆளுக்கொரு சொம்புத் தண்ணீர்.

அவிழ்க்க மறந்த பெட்ஷீட்
வைகாசி முழுக்க அங்கேயே வெளுத்தது.
சில நாள் நாலரை வரைக்கும் தூங்கினேன்.

நேற்று,
டேங்கை ஒட்டி இருக்கிறதே,
தள்ளி வைப்போம் என்று தூக்கினேன்.
வேம்பு வந்துவிட்டது.
மலைவேம்பு வரவில்லை.
பையைத் துளைத்து
அடியில் இறங்கிவிட்டது வேர்,
யாரையும் கேட்காமல்.

இன்னும் கொஞ்சம் இழுத்தால் வந்துவிடும்.
இப்போது என்றால் வந்துவிடும்.
பையின் காதைப் பிடித்தபடி
குந்தியிருந்தேன்.
நாச்சிமுத்து செட்டில்
பகல் ஆள் தறியை நிறுத்துகிற சத்தம்.
ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது.